மாடு அறிந்த உப்பும் அறியாத உப்பும்

கிள்ளையில் கழிமுகத்தை ஒட்டி மேயும் மாட்டுக்கும் பண்ருட்டிப் பக்கம் செம்மண் கொல்லையில் கட்டிக் கிடக்கும் மாட்டுக்கும் நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர்கூட இராது. இரண்டும் கடலூர் மாவட்டத்து மாடுகள், பெரும்பாலும் ஜெர்சி கலப்பினம். தீவனக் கடையில் இரண்டுக்கும் ஒரே தாது உப்புப் பாக்கெட்டைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் ஒன்று கடற்காற்றில் உப்புப் படிந்த இலையைத் தின்கிறது, மற்றது மழையில் கழுவப்பட்ட மண்ணில் விளைந்ததைத் தின்கிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து மாடு மூன்றாவது ரகம். அதற்கு ஆண்டு முழுவதும் வைக்கோல், தவிடு, கழுநீர். மூன்றின் உடம்புக்கும் எது குறைகிறது என்பது ஒன்றாக இருக்க முடியாது. பாக்கெட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த மாடு எதைத் தின்கிறது?

முதலில் சாதாரண உப்பு. எல்லாத் தாதுக்களிலும் இது ஒன்றை மட்டும் மாடு தானே தேடிப் போகும்.

மாட்டின் வாயில் ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அசைபோடும் பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் வைக்கோலை நொதிக்கச் செய்யும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலத்தை அடக்குவது உமிழ்நீரில் உள்ள சோடியம் பைகார்பனேட். ஆகவே பெருவயிறு செரிமான உறுப்பு மட்டுமல்ல, மாட்டின் சோடியக் கையிருப்பும் அதுவே. தீவனத்தில் சோடியம் குறைந்தால் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உமிழ்நீரில் சோடியம் இருந்த இடத்தைப் பொட்டாசியம் பிடித்துக்கொள்கிறது, மிச்சமான சோடியம் ரத்தத்துக்குத் திரும்புகிறது. இந்த ஏற்பாட்டால் சில வாரங்கள் வரை வெளியே ஒன்றும் தெரியாது. கையிருப்பு கரைந்த பிறகுதான் மாடு சுவரை நக்கும், பக்கத்து மாட்டின் முதுகை நக்கும், மூத்திரத்தைக் குடிக்கும். அதற்குள் பாலும் குறைந்திருக்கும்.

இந்த உப்புப் பசி பழக்கத்தால் வருவதல்ல, பிறவியிலேயே அமைந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டெரெக் டென்டன் என்ற உடலியல் அறிஞர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். செம்மறி ஆட்டின் கன்னத்து உமிழ்நீர் நாளத்தை வெளிப்புறமாகத் திருப்பிவிட்டால், உமிழ்நீரோடு சோடியமும் தினமும் வெளியேறிவிடும். அப்படிப்பட்ட ஆட்டின் முன் சோடியக் கரைசலை வைத்தபோது, இழந்த அளவுக்கு ஏறத்தாழ ஈடான அளவை அது குடித்தது. ‘தி ஹங்கர் ஃபார் சால்ட்’ என்ற அவருடைய பெரிய நூல் 1982இல் வந்தது. புல் தின்னும் பிராணிகளுக்கு ஏன் இப்படி ஒரு பசி வாய்த்தது என்பதற்கு விடை புல்லிலேயே இருக்கிறது. பெரும்பாலான செடிகளுக்குச் சோடியம் தேவையில்லை, பொட்டாசியமே வேண்டும். வைக்கோலில் பொட்டாசியம் ஒன்றரை சதவீதத்தையும் தாண்டும். சோடியமோ சொற்பம்.

கடலின் அருகாமை இதை மாற்றிவிடுகிறது. அலைத் திவலைகளிலிருந்து காற்றில் ஏறும் உப்பு கரையோரச் செடிகள்மேல் படிகிறது, உள்நாட்டுக்குப் போகப் போகக் குறைகிறது. இது எவ்வளவு துல்லியமாக உயிர்களின் நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு 2008இல் மைக்கேல் கஸ்பாரியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட எறும்பு ஆய்வு நல்ல சான்று. அமெரிக்கக் கண்டங்களில் பல இடங்களில் எறும்புகளுக்குச் சர்க்கரைக் கரைசலையும் உப்புக் கரைசலையும் வைத்தார்கள். கடலிலிருந்து விலகிய இடங்களில் எறும்புகள் உப்பைக் கூடுதலாக நாடின.

நம் பக்கத்தில் பிச்சாவரம் இதற்குத் தலைகீழான எல்லை. அலையாத்திக் காட்டின் முக்கிய மரமான வெண்கண்டல் தன் இலைச் சுரப்பிகள் வழியே உப்பை வெளியே தள்ளுகிறது. காலை வெயிலில் இலையைத் தடவினால் விரலில் உப்புப் பொடி ஒட்டும். சேற்று மேட்டில் வளரும் உமரியில் உப்பு இலைக்குள்ளேயே நிறைந்திருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கே அலையாத்தியை மீட்கும் பணியைத் தொடங்கியபோது, கால்நடை மேய்ச்சலும் கணக்கில் எடுக்க வேண்டிய அழுத்தங்களில் ஒன்றாக இருந்தது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மாடுகள் வெறும் பசியால் மட்டும் அங்கே போகவில்லை, அந்த இலையில் உப்பும் இருக்கிறது. தெற்கே நாகை, திருவாரூர் கரையோரத்தில் உருவான உம்பளச்சேரி மாடுகள் உப்பருகு மண்டிய நிலங்களில் மேய்ந்து வளர்ந்த இனம் என்பதும் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

இப்படி மேயும் மாட்டுக்கு உப்புக் கட்டி வாங்கித் தொங்கவிடுவது வீண் செலவு. கிணற்று நீரும் உப்பாக இருந்தால் அது ஆபத்தும்கூட. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலூர் கரையோரக் கிணறுகள் பல உப்புநீர் புகுந்து கெட்டன. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் வரை மாடு தாங்கும். 7,000ஐத் தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் ஆகாது. 10,000க்கு மேல் எந்தக் கால்நடைக்கும் காட்டக் கூடாது. உப்பு நஞ்சாவது பெரும்பாலும் உப்பால் மட்டும் அல்ல, தண்ணீர் போதாமையால். நல்ல தண்ணீர் வேண்டிய மட்டும் கிடைத்தால் மாடு கூடுதல் உப்பை மூத்திரத்தில் கழித்துவிடும். தண்ணீர் இல்லையென்றால் மூளை வீங்கி, கண் தெரியாமல் தடுமாறி விழும்.

உள்நாட்டு மாட்டுக்கு எவ்வளவு? நாளைக்குப் பத்து கிலோ உலர்தீவனம் தின்னும் கறவை மாட்டுக்கு ஏறத்தாழ 20 கிராம் சோடியம் வேண்டும். உப்பாகக் கணக்கிட்டால் 50 கிராம். தீவனத்தில் கொஞ்சம் இருக்கும் என்பதால் 30, 40 கிராம் போட்டால் போதும். கழுநீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பு போடும் நம் வீட்டுப் பெண்களின் வழக்கம் இந்தக் கணக்குக்கு மிக நெருக்கமானது. கடையில் வாங்கும் கலப்புத் தீவனத்தில் சுமார் ஒரு சதவீதம் உப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கும், மூன்று கிலோ போடுகிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

எந்த உப்பு என்பதில் பணத்தை விரயம் செய்ய வேண்டியதில்லை. மரக்காணத்துக் கல்லுப்பும் வேதாரண்யத்துக் கல்லுப்பும் சோடியம் குளோரைடுதான். இமயமலை உப்பு என்று இளஞ்சிவப்பு நிறத்தில் கயிறு கட்டி விற்கும் கட்டியும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் அதேதான். அதில் எண்பதுக்கு மேல் தாதுக்கள் இருப்பதாகச் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் மாட்டின் துத்தநாகத் தேவையையோ தாமிரத் தேவையையோ நிரப்பும் அளவில் இல்லை. செங்கல் நிறத்தில் வரும் கட்டிகளுக்கு அந்த நிறத்தைத் தருவது இரும்பு ஆக்சைடு. குடல் அதை உறிஞ்சுவதில்லை. டெல்டா மாட்டுக்கு இரும்பும் குறைவதில்லை. தண்ணீர் நிற்கும் வயலில் விளையும் வைக்கோலில் இரும்பு தாராளமாக இருக்கிறது.

உப்பைத் தேடி மாடு போவதைப் பார்த்துத்தான் நாம் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகிறோம். மாட்டுக்கு என்ன குறைகிறதோ அதை அதுவே அறிந்து தின்னும், எல்லாத் தாதுவையும் எதிரே வைத்தால் வேண்டியதை எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை உலகம் முழுவதும் உண்டு. 1972இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காப்பக்கும் அவருடைய சகாக்களும் கறவை மாடுகளின் முன் சுண்ணாம்பு, பாஸ்பரஸ் தாதுக்களை விருப்பம்போல் தின்ன வைத்துப் பார்த்தார்கள். மாடுகள் தின்ற அளவுக்கும் அவற்றின் தேவைக்கும் பொருத்தம் இல்லை. சோடியத்துக்கு உள்ள நாக்கு மற்றவற்றுக்கு இல்லை. தாமிரம் குறைந்த மாடு தாமிரத்தைத் தேடிப் போகாது. அதற்குத் தன் உடம்பில் குறைவது தாமிரம் என்று தெரியாது. நாம்தான் தேர்ந்து கொடுக்க வேண்டும்.

தெரியாத பசி சில நேரம் குருட்டுத்தனமாக வெளிப்படும். மண்ணைத் தின்பது, துணியையும் கயிற்றையும் மெல்வது, எலும்பைக் கடிப்பது. தென்னாப்பிரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கு முன் மாடுகள் கூட்டம் கூட்டமாகக் கால் முடங்கிச் செத்தன. அர்னால்ட் தெய்லர் என்ற கால்நடை மருத்துவர் அதன் சங்கிலியைக் கண்டுபிடித்தார். மண்ணில் பாஸ்பரஸ் இல்லை, அதனால் புல்லில் இல்லை, அதனால் மாடு செத்த பிராணிகளின் எலும்பைக் கடித்தது, அந்த எலும்பில் இருந்த பாட்டுலினம் நஞ்சு அதைக் கொன்றது. நோயை நிறுத்தியது சுத்தமான எலும்புத் தூள். பைத்திய மாட்டு நோய்க்குப் பிறகு மாட்டுக்கு எலும்புத் தூள் போடும் பழக்கம் கைவிடப்பட்டது. இன்று அதன் இடத்தில் டைகால்சியம் பாஸ்பேட் இருக்கிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இன்னொரு கதை. அங்கே மாடுகள் மெலிந்து சோகை பிடித்துச் செத்த நோய்க்கு மக்கள் ‘உப்பு நோய்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 1931இல் பெக்கரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தபோது காரணம் உப்பல்ல என்று தெரிந்தது. மணற்பாங்கான மண்ணில் இரும்பும் தாமிரமும் இல்லை. பிறகு கோபால்ட்டும் இல்லை என்று தெரிந்தது. 1935 வாக்கில் ஆஸ்திரேலியாவின் கரையோர ஆடுகளை மெலிய வைத்ததும் கோபால்ட் குறைதான் என்று நிறுவப்பட்டது. பெருவயிற்று நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டுதான் வைட்டமின் பி12ஐ உருவாக்குகின்றன. நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் கோபால்ட் இல்லாவிட்டால் தொட்டி நிறையத் தீவனம் இருந்தும் மாடு தின்ன மறுக்கும்.

இனி நம் வைக்கோலுக்கு வருவோம். சிதம்பரம் வட்டாரத்துக் கறவை மாட்டின் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. 350 கிலோ எடையுள்ள கலப்பின மாடு நாளைக்குப் பத்து லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பாலில் 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து போகிறது. பத்து லிட்டருக்கு 12 கிராம். மாடு தன் உடம்பைப் பராமரிக்க இன்னும் 5 கிராம். தின்பதில் பாதிதான் குடலில் ஏறும் என்பதால் தீவனத்தில் 35 கிராமாவது இருக்க வேண்டும். ஆறு கிலோ வைக்கோலில் சுமார் 15 கிராம் கிடைக்கும், இரண்டு கிலோ தவிட்டில் 2 கிராம். பாதிக்குப் பாதி பள்ளம். அந்தப் பதினைந்தும் முழுதாகக் கைக்கு வராது. வைக்கோலில் உள்ள ஆக்சாலேட் சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இதைத் தலபத்ரா, ரே, சென் ஆகிய இந்திய அறிஞர்கள் 1940களிலேயே எழுதினார்கள். நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைப் பகுதிகளில் மாட்டுக்குப் போடும் கரும்புத் தோகையிலும், கோ-4 போன்ற தீவனப் புல்லிலும் இதே ஆக்சாலேட் உண்டு.

பாஸ்பரஸ் நிலைமை வேறு. வைக்கோலில் அது மிகக் குறைவு, தவிட்டில் மிக அதிகம். கோழிக்கும் பன்றிக்கும் அந்தப் பாஸ்பரஸ் எளிதில் கிடைக்காது. மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதைப் பிரித்துக் கொடுத்துவிடும். எனவே தவிடு போடும் வீட்டில் பாஸ்பரஸ் பெரும்பாலும் போதும். தவிடு இல்லாமல் வைக்கோலை மட்டுமே நம்பியிருக்கும் மாட்டுக்குத்தான் அது குறையும். கன்று ஈன்ற சில வாரங்களில் எருமை சிவப்பாக மூத்திரம் பெய்தால், பாஸ்பரஸ் குறைந்து ரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று சந்தேகித்து உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

பாக்கெட் தாது உப்பு அந்தச் சுண்ணாம்புப் பள்ளத்தை நிரப்புமா? இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 1664படி உப்பில்லாத தாதுக் கலவையில் சுண்ணாம்புச் சத்து 20 சதவீதம் இருக்க வேண்டும். 50 கிராம் போட்டால் 10 கிராம் கிடைக்கும். பள்ளமோ 18 கிராம். இரண்டு கிலோ உலர்ந்த மல்லாட்டை (நிலக்கடலை)க் கொடி போட்டால் 20 கிராம் கிடைத்துவிடும். உளுந்துக் கொடி, அகத்தி, வேலிமசால், சூபாபுல் ஆகியவற்றிலும் சுண்ணாம்பு தாராளம். சம்பா அறுவடைக்கு முன் ஈர வயலில் உளுந்து விதைக்கும் டெல்டா வழக்கம் மனிதருக்குப் பருப்பையும் மாட்டுக்குச் சுண்ணாம்பையும் ஒன்றாகக் கொடுத்தது. அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளைத்த உளுந்தை நசுக்குவதால் பல இடங்களில் அந்த வழக்கம் குறைந்துவருகிறது. அந்த இழப்பை மாட்டுத் தொழுவத்தின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் பாக்கெட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் உண்மையான மதிப்பு நுண்தாதுக்களில் இருக்கிறது. அதே 50 கிராமில் துத்தநாகம் 400 மில்லிகிராம் வருகிறது. மாட்டின் நாள் தேவையே ஏறத்தாழ 400 முதல் 500தான். தாமிரத் தேவையில் பாதி வந்துவிடும். கோபால்ட்டும் அயோடினும் தேவைக்கு மேலேயே கிடைக்கும். இவற்றை எந்தக் கொடியாலும் உறுதியாகத் தர முடியாது. மண்ணில் இருந்தால்தான் கொடியிலும் இருக்கும். நெல் வயலில் தண்ணீர் நிற்கும்போது துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. 1966இல் பந்த்நகரில் நேனே, நெற்பயிரின் ‘கைரா’ நோய்க்குக் காரணம் துத்தநாகக் குறைதான் என்று கண்டறிந்தார். அதிலிருந்து ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் போடுவது நம் விவசாயிகளுக்குப் பழகிப்போன வேலை. பயிருக்குக் குறைவது பயிரைத் தின்னும் மாட்டுக்கும் குறையும். தோல் தடிப்பது, குளம்பு வெடிப்பது, மாடு பருவத்துக்கு வராமல் இழுப்பது, சினை ஊசி போட்டும் நிற்காமல் போவது ஆகியவற்றுக்குப் பின்னால் இந்தக் குறையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

தாமிரம் இன்னும் சிக்கலானது. தீவனத்தில் இருந்தாலே போதாது. மாலிப்டினமும் கந்தகமும் மிகுந்தால் அவை பெருவயிற்றில் தாமிரத்தோடு சேர்ந்து அதைப் பயனற்றதாக்கிவிடும். இங்கிலாந்தின் சாமர்செட் புல்வெளிகளில் நெடுங்காலம் மாடுகளை வாட்டிய கழிச்சலுக்கு மாலிப்டினமே காரணம் என்று 1938இல் தெரிந்தது, தாமிரம் கொடுத்ததும் நின்றது. மிகையான இரும்பும் சல்பேட் கலந்த தண்ணீரும் தாமிரத்துக்குப் பகை. எனவே ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருப்பவர்கள் தண்ணீரையும் சோதித்துப் பார்க்க வேண்டும். கறுப்பு மாடு செம்பட்டையாகி, கண்ணைச் சுற்றி வளையம் விழுந்தால் அது தாமிரக் குறையின் அடையாளம்.

பாக்கெட்டின் பின்புறத்தில் மூன்று விஷயங்களைத் தேடிப் படிக்கச் சொல்வேன். முதலாவது, உப்புச் சேர்ந்ததா, சேராததா. ஐஎஸ் 1664 தரம் இரண்டு வகைகளையும் அனுமதிக்கிறது. கிள்ளை, பரங்கிப்பேட்டைக் கரையோரத்துக்கு உப்பில்லாததே ஏற்றது. மற்றவர்களும் உப்பில்லாததை வாங்கி, கல்லுப்பைத் தனியே சேர்த்தால் பணம் மிச்சம். உப்பின் விலைக்கு உப்பை வாங்கலாம், தாதுவின் விலைக்கு ஏன் வாங்க வேண்டும்? இரண்டாவது, துத்தநாகம், தாமிரம், கோபால்ட், அயோடின் ஆகியவற்றின் அளவு எண்ணில் அச்சிடப்பட்டிருக்கிறதா. ‘அனைத்துத் தாதுக்களும் அடங்கியது’ என்று மட்டும் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்றாவது, ஃபுளோரின் 0.07 சதவீதத்துக்கு மிகாமல் இருக்கிறதா. பாஸ்பேட் பாறையில் ஃபுளோரின் இயற்கையாகவே உண்டு. அதை நீக்காமல் மலிவாகக் கலந்தால் மாட்டின் பல் கறுத்துத் தேயும், எலும்பு முடிச்சுப் போடும். அளவு மீறிய ஃபுளோரின் எலும்பை என்ன செய்யும் என்பதைச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் ஷார்ட்டும் அவருடைய குழுவினரும் 1937இல் நெல்லூர் மாவட்டத்து மனிதர்களிடம் கண்டு எழுதினார்கள்.

1989இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே ஒரு தாது உப்புக் கலவையைத் தயாரித்து வழங்குகிறது. கடலூரில் அதன் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கன்று, கிடேரி, சினை, கறவை என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதை அங்கே கேட்டுக்கொள்வது, கடைக்காரர் சொல்வதைக் கேட்பதைவிடப் பாதுகாப்பானது.

அளவைப் போலவே காலமும் முக்கியம். கன்று ஈனப் போகிறதே என்று கடைசி மூன்று வாரம் சுண்ணாம்பை அள்ளிக் கொடுப்பவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் உடம்பு வேறுவிதமாக இயங்குகிறது. தீவனத்திலிருந்து தாராளமாக வரும்போது, எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கொடுக்கும் பாராதைராய்டு சுரப்பிக்கு வேலை இல்லை, அது மந்தமாகிவிடும். ஈன்ற அன்று மடி திடீரெனச் சுண்ணாம்பை இழுக்கும்போது ரத்தத்தில் அது சரிந்து, மாடு கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிடும். பால் காய்ச்சல் என்கிறோம், ஆனால் அப்போது மாட்டின் உடம்பு சில்லிட்டிருக்கும். கால்சியம் ஊசி மருந்தை மருத்துவர் நரம்பில் மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஈனும்வரை அளவாகவும் ஈன்ற பிறகு தாராளமாகவும் கொடுப்பதே சரி.

கடைசியாக, செம்மறி வளர்ப்பவர்களுக்கு. மாட்டுக்கு வாங்கிய பாக்கெட்டில் மிச்சத்தை ஆட்டுக்குப் போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. தீவனத்தில் தாமிரம் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை மாடு பொறுக்கும், செம்மறிக்கு 15தான் எல்லை. நாளைக்கு ஒரு கிலோ உலர்தீவனம் தின்னும் ஆட்டுக்கு மாட்டுக் கலவை பத்து கிராம் போட்டால் அதில் மட்டும் பத்து மில்லிகிராம் தாமிரம் வந்துவிடும். தீவனத்தில் உள்ளதையும் சேர்த்தால் எல்லையைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். செம்மறியின் ஈரல் அதை மாதக்கணக்கில் சேர்த்து வைக்கும். அதுவரை ஆடு கொழுகொழுவென்றே இருக்கும். ஒரு நாள் வெயிலிலோ நெடுநடையிலோ களைத்ததும் ஈரல் தாமிரத்தை மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். கண் மஞ்சளாகி, மூத்திரம் காப்பி நிறமாகி, ஓரிரு நாளில் ஆடு செத்துவிடும். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிறவர்கள் இந்தச் சாவை விஷக்கடி என்று எண்ணிவிடக்கூடும். செம்மறிக்கென்று தாமிரம் குறைத்துத் தயாரித்த கலவை கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காத ஊரில் கல்லுப்பும் மல்லாட்டைக் கொடியும் போதும், மாட்டுப் பாக்கெட் வேண்டாம்.